உடையவர் பெயரும் ஏட்டின் விலையும்



1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்து இதழாக அமெரிக்காவில் ஒரு படக்கதை ஏடு வெளிவந்தது. 'ஆக்ஷன் காமிக்ஸ்' என்பது அதன் பெயர். விலை பத்து சென்ட். நீலவுடை பூண்ட ஒருவன் ஒரு மோட்டார் காரைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் காட்சி அதன் அட்டையை அணிசெய்தது. சூப்பர்மேன் என்னும் கற்பனை வீரன் உலகிற்கு அறிமுகமானது அவ்வேட்டில்தான். ஏறத்தாழ இரண்டு லட்சம் படிகள் அச்சாயின என்பர். சிறுவர்கள் படித்தனர், கிழித்தனர். தாய்மார் குப்பையில் இட்டனர். இரண்டாம் உலகப் போரில் காகிதம் திரட்டியபோது எண்ணற்றவை கூழாயின. இன்று எஞ்சியவை நூறளவில்தான் இருக்கும் என்று வாணிகர் கணக்கிடுகின்றனர். அவற்றுள் ஒரு படியின் வரலாற்றை மட்டும் இன்று காண்போம்.

நிக்கோலஸ் கேஜ் என்னும் ஹாலிவுட் நடிகர் அதனை 1990களில் ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்ட விலைக்கு வாங்கினார். படக்கதைகளில் அவருக்கு இருந்த ஈடுபாடு விளம்பரத்துக்காகக் கொண்டதன்று. கேஜ் என்ற பெயரையே ஒரு படக்கதை வீரனிடமிருந்து எடுத்துக்கொண்டவர். பிற்காலத்தில் தம் மகனுக்கும் சூப்பர்மேனின் பிறப்புப் பெயரைச் சூட்டியவர். 2000ஆம் ஆண்டில் அவருடைய லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லத்திலிருந்து அவ்வேடு களவு போயிற்று. மனம் வெறுத்தார் போலும். 2002ஆம் ஆண்டில் தம் தொகுப்பின் பெரும்பகுதியை ஏலத்தில் விற்றார். பதினாறு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. களவு போன ஏடோ 2011ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கு அறையில் அகப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே 21 லட்சத்து 61 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதுவரை எந்தப் படக்கதை ஏடும் பெறாத விலை அது.

நடிகர் கைப்பட்டதால் அன்றோ இவ்விலை என்று கேட்பீர்கள். கணக்காசிரியர் போல் இதனைச் சற்றுச் சரிபார்ப்போம். இவ்வேடுகளைப் பத்து மதிப்பெண்ணுக்கு மதிப்பிட்டுப் பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. கேஜின் படி பெற்றது 9.0. முந்திய ஆண்டாகிய 2010இல், 8.0 பெற்ற வேறொரு படி பத்து லட்சத்திற்கும், 8.5 பெற்ற மற்றொன்று பதினைந்து லட்சத்திற்கும் விலைபோயிருந்தன. அவ்விரண்டுக்கும் நடிகர் எவருடைய பெயரும் துணை நிற்கவில்லை. அரை மதிப்பெண் ஏறினால் ஐந்து லட்சம் ஏறுகிறது. அடுத்த அரை மதிப்பெண்ணுக்கு ஆறரை லட்சம் ஏறியதில் வியப்பென்ன? இன்னும் கேளுங்கள். 2014ஆம் ஆண்டில், அதே 9.0 மதிப்பெண் பெற்ற, புகழாளர் எவரும் தொடாத ஒரு படி 32 லட்சம் டாலரைத் தாண்டியது. இடையில் சந்தை ஏறியது உண்மையே. ஆயினும் அதன் தாள்கள் வெண்மை மாறாதிருந்தமையே வாங்கியவரைப் பெரிதும் ஈர்த்தது.

முடிந்தது வழக்கு என்று எழுந்துவிட வேண்டா. 2026ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், களவு போய் மீண்ட அதே கேஜ் படி தனிப்பேரத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்குக் கைமாறியதாக அறிவிப்பு வந்தது. சில வாரங்களுக்கு முன்னர்தான் 'சூப்பர்மேன்' முதல் இதழின் 9.0 படி ஒன்று 91 லட்சத்து 20 ஆயிரம் டாலர் பெற்று உலகை வியக்கவைத்திருந்தது. இம்முறை மதிப்பெண் ஒன்றே இவ்வளவு உயரத்திற்கு ஏற்றியது என்று என்னால் சொல்ல இயலவில்லை. ஆனால் விலையை உயர்த்தியது நடிகரின் பெயரா, திருடனின் கையா? 1911ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்திலிருந்து 'மோனா லிசா' ஓவியம் களவு போன பின்னரே அதன் பெயர் பாமரர் நாவிலும் பயின்றது. கேஜின் ஏட்டுக்கும் அத்தகைய ஒரு கதை வாய்த்துவிட்டது. உடைமையாளர் பெயர் கதைக்கு ஒரு தலைப்பாயிற்று. அவ்வளவே என்பது என் துணிபு.

பெயரே விலையான இடமும் உண்டு. 1996ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் கென்னடியின் மனைவியார் அணிந்த போலி முத்துமாலை ஏலத்துக்கு வந்தது. ஐந்நூறு முதல் எழுநூறு டாலர் பெறும் என மதிப்பிட்ட அம்மாலை 2,11,500 டாலர் பெற்றது. அங்கே பொருளுக்கென்று தனிச்சிறப்பு எதுவுமில்லை. அணிந்தவரின் கழுத்தே எல்லாம். நான் ஓய்வுபெற்ற நாளில் பழைய மாணவர் ஒருவர் என் மேசைமீதிருந்த மர அடிக்கோலை விரும்பிக் கேட்டு எடுத்துச் சென்றார். அவருக்கு அது செல்வம். அவர் பேரனுக்கு அடுப்பெரிக்கவும் போதாத குச்சி. புகழாளர் பொருளும் இத்தகையதே. பெயரை அறிந்த தலைமுறை மறைந்தால் பெயரின் விலையும் உடன் மறையும்.

இதற்கு மாறான ஒன்றையும் சொல்லவேண்டும். டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்னும் விளம்பர ஓவியர் ஒருவர் வாழ்ந்தார். ஊரறியாத மனிதர். அவர் வாங்கி அடுக்கிவைத்த ஆயிரக்கணக்கான ஏடுகள் 1977ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. உலர்ந்த காற்றில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தமையால் அச்சகத்திலிருந்து அன்றே வந்தவை போல் மின்னின. இன்றும் அவர் தொகுப்பைச் சேர்ந்தது என்று உறுதிப்பட்டால், மற்றப் படிகளைவிடப் பன்மடங்கு விலை தருகின்றனர். திரையில் தோன்றாத அம்மனிதரின் பெயர், நடிகரின் பெயரைவிட உறுதியான நாணயமாகிவிட்டது. ஏனெனில் அப்பெயர் தாளின் தூய்மைக்குச் சான்று பகர்கிறது.

சூப்பர்மேனைப் படைத்தவர்கள் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள். அவ்வீரனுக்குரிய உரிமை முழுவதற்கும் அவர்கள் பெற்றது 130 டாலர். அத்தொகை அடங்கிய 412 டாலர் காசோலையில் இருவர் பெயரையும் பதிப்பாளர் பிழைபட எழுதியிருந்தார். ஆகவே பின்புறத்தில் தவறான எழுத்தில் ஒருமுறையும் சரியான எழுத்தில் ஒருமுறையுமாக அவர்கள் கையெழுத்திட நேர்ந்தது. வழக்காடியும் உரிமை மீளவில்லை. முதுமை நெருங்கிய பின்னர், 1975ஆம் ஆண்டில்தான், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு இருபதாயிரம் டாலர் உதவித்தொகை கிடைத்தது. இருவரும் மறைந்த பின், 2012ஆம் ஆண்டில், அந்தப் பழைய காசோலைத் தாள் ஏலத்துக்கு வந்தது. 1,60,000 டாலருக்கு விற்றது.