கல்லில் உறைந்த திசைகாட்டி

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே அடிவானை மறைத்து நிற்கும் கல்வராயன் மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கரும்பாறையால் ஆனது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீதுள்ள கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நிலவியலார் தாமஸ் ஹாலண்டு அதைக் கொண்டே இப்பாறைக்குப் பெயரிட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், 700 பாகை செல்சியசையும் கடந்த வெப்பத்தில் இது உருமாறியது. அவ்வாறாயின், ஒரு மலைத்தொடரின் பாறைகள் மடிந்து வளைந்த காலத்தை எவ்வாறு அறிவது?

ஹிஜ்ரி 681இல் (கி.பி. 1282) பைலக் அல்கிப்ஜாகி எழுதிய அரபு நூலொன்று, இந்துமாக்கடல் மாலுமிகள் இரும்பால் செய்த உள்ளீடற்ற மீனை நீரில் மிதக்கவிட்டு வடக்கு தெற்கு அறிந்ததைக் கூறுகிறது. பாறைக்குள்ளும் அத்தகைய மீன்கள் உண்டு. மாக்னடைட் எனும் இரும்புத்தாது 580 பாகைக்குக் கீழே குளிரும்போது, அப்போதைய புவிக்காந்தத்தின் திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. நீரடியில் படியும் வண்டலின் நுண்துகள்களும் அத்திசை நோக்கியே அமைகின்றன.

1949இல் ஜான் கிரகாம் ஓர் எளிய சோதனையைக் கண்டார். மடிந்த அடுக்கின் இருபுறமும் கல்லெடுத்து, அவற்றின் காந்தத் திசைகளை அளக்க வேண்டும். அடுக்கைக் கணக்கில் பழையபடி கிடையாக்கும்போது திசைகள் ஒன்றுபட்டால், காந்தம் முந்தியது, மடிப்பு பிந்தியது. மடிந்த நிலையிலேயே ஒன்றுபட்டிருந்தால் மடிப்பே முந்தியது.

கல்வராயனில் இச்சோதனை எளிதன்று. அந்த வெப்பத்தில் பழைய காந்தப் பதிவு அனைத்தும் அழிந்துபோகும். பாறை குளிர்ந்த பிறகு பெற்றதே எஞ்சும். ஆகவே, திருவண்ணாமலை, தருமபுரிப் பகுதிகளில் பழம்பாறையை நேர்கோடாய்ப் பிளந்து நுழைந்த டோலரைட் சுவர்களே நம்பகமான சாட்சிகள். உருமாற்றத்துக்கு ஆட்படாத இவை, பாறை மடிந்து ஓய்ந்த பின் வந்தவை. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த டி. இராதாகிருஷ்ணாவும் மேத்யூ ஜோசப்பும் இச்சுவர்களின் காந்தத்தை ஆய்ந்து 1996இல் வெளியிட்டனர். சுவரின் வயது தெரிந்தால் மடிப்பு அதற்கு முந்தியது என்று சொல்லலாம். எவ்வளவு முந்தியது என்பதைச் சுவர் சொல்லாது.

இளைய மலைகளிலோ இம்முறை வியக்கத்தக்க நுட்பத்தை எட்டியிருக்கிறது. புவிக்காந்தம் காலந்தோறும் தலைகீழாகத் திரும்புவது. கடைசியாகத் திரும்பியது சுமார் 7.7 லட்சம் ஆண்டுகளுக்கு முன். இத்திருப்பங்களின் வரிசையை வண்டல் அடுக்குகளில் படித்தால் அவற்றின் வயது கிட்டும். 1970களிலும் 80களிலும் பெஷாவர்ப் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்க ஆய்வாளரும் பொத்வார் பீடபூமியின் சிவாலிக் அடுக்குகளை இவ்வாறே படித்தனர். ராவல்பிண்டியை அடுத்த சோவான் பகுதியில் செங்குத்தாய் நிமிர்ந்த அடுக்குகளின் வயது 21 லட்சம் ஆண்டுவரை இறங்குகிறது. அவற்றை மூடிக் கிடையாய்க் கிடக்கும் லேய் கூழாங்கற்படுகையின் எரிமலைச் சாம்பலுக்கு வயது 19 லட்சம். இடைப்பட்ட இரண்டு லட்சம் ஆண்டுகளுக்குள் நிலம் மடிந்து, நிமிர்ந்து, தேய்ந்தும் போயிருக்கிறது! நிலவியல் கணக்கில் இது ஒரு நொடிப்பொழுது.

அப்பீடபூமியின் தென்விளிம்பிலுள்ள நந்தனாக் கோட்டையில்தான் அல்பீரூனி பூமியின் ஆரத்தை அளந்தார். மலையருகே பெருங்கற்கள், தொலைவில் சிறுகற்கள், கடலோரத்தில் மணல் என்ற வரிசையைக் கண்டு, வட இந்தியச் சமவெளி ஒருகாலத்தில் கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று அவர் கிதாபுல் ஹிந்தில் முடிவுகட்டினார். சோவானின் லேய் படுகையும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய அத்தகைய கற்களே.