ரூல்தடியால் தள்ளிய மனு

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் 'சொல்தா' என்போம். அவர்கள் தெருவில் வந்தால் சிறுவர்களாகிய நாங்கள் வழிவிட்டு நிற்போம். அந்த மரியாதையை ஒருமுறை நான் கைவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1997 ஜனவரி 1 அன்று சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமானது. அடுத்த வருடம், நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரர் மனுவோடு வந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பியபின் லாரி ஓட்டியவர். ஆள் மிகவும் மெலிந்திருந்தார். அவருக்கு 'அந்த நோய்' என்று யாரோ என் காதில் ஏற்கெனவே ஓதியிருந்தார்கள். மனுவை நான் கையால் வாங்கவில்லை. ரூல்தடியால் இழுத்து, முத்திரை குத்தி, அதே ரூல்தடியால் திருப்பித் தள்ளினேன். அவர் விறைப்பாக நின்று "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோந்தாஞ்ஞியே, பர்ரே-சினூசி குழுவினர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியைப் பிரெஞ்சிலேயே படித்திருந்தேன். அந்த மொழியில் நோயின் பெயர் 'சிடா'. தொட்டால் ஒட்டாது என்பதும் தெரியும். தெரிந்தும் கை நீளவில்லை.

இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது நம் சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரிந்தது. 1994இல் தமிழக அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரித் தொழிலால் பிழைக்கும் ஊர்கள். மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கும் டிரைவர்கள், கிளீனர்கள் மூலம் நோய் பல வீடுகளுக்கு வந்தது. நோயைவிட ஊர்வாய் அதிகம் வாட்டியது.

1996இல் மேல்நாடுகளில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. விலை நமக்கு எட்டாதது. 2001இல் சிப்லா நிறுவனம் ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தர முன்வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசே இலவசமாக வழங்கியது. தமிழ்நாட்டில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் தொடங்கி, பின்னர் நாமக்கல் அரசு மருத்துவமனைக்கும் வந்தது. சாவுக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

ஆனால் முதுமை அவர்களைக் கொஞ்சம் கூடுதலாகவே சோதிக்கிறது. அமெரிக்காவில் 82,000க்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் அபாயம் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று அதில் தெரிந்தது. கிருமி மருந்தால் அடங்கினாலும் உடம்பினுள் ஒரு மெல்லிய அழற்சி நீடிப்பது அதற்கு ஒரு காரணம். எலும்பு, சிறுநீரகம் இவற்றையும் கவனிக்க வேண்டும். எனவே அந்த மாத்திரையோடு ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையும், பீடி சிகரெட்டை விடுவதும் அவசியம்.

இந்த நோய் வந்தவர்கள் எல்லாரும் தவறு செய்தவர்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2002இல், ஆபரேஷன் பராக்ரம் சமயத்தில், பணியின்போது உடல்நலம் குன்றிய விமானப்படை வீரர் ஒருவருக்குக் காஷ்மீர் பக்கம் சாம்பாவில் ராணுவ மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். 2014இல்தான் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. பல ஆண்டுகள் போராடினார். 2023 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 54 லட்சம் ரூபாய் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது.

எப்படி வந்தது என்று கேட்கும் உரிமை நமக்கில்லை. 2018 செப்டம்பர் 10 முதல் இவர்களிடம் பாகுபாடு காட்டுவதைச் சட்டமே தடுக்கிறது.

அந்த வீரரை நான் மறுபடி பார்க்கவில்லை. இலவச மருந்து வர அப்போது இன்னும் ஆறு வருடம் இருந்தது. இன்று எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் என் சீட்டை யாராவது முகம் சுளிக்காமல் கையில் வாங்கும்போதெல்லாம் அந்த ரூல்தடிதான் நினைவுக்கு வருகிறது.