கருணையிலிருந்து உரிமைக்கு: தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் கடந்து வந்த பாதை



நமது மூக்கண்டப்பள்ளி, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வளர்ந்த ஊராகும். 1971ஆம் ஆண்டில் தமிழக அரசு நிறுவிய சிப்காட், அன்றைய தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்த பின்னர், ராகி விளைந்த நிலங்களின் அருகே லேத்தும் பவர் பிரஸ்ஸும் ஓடத் தொடங்கின. பிழைப்பு வந்தது, அதனுடன் விபத்தும் வந்தது. வேலையில் விரலையோ கையையோ இழந்தவருக்கு ஜுமுஆவுக்குப் பின் துண்டு ஏந்தி வசூலித்துக் கொடுப்பது நம் ஊர்களின் நல்வழக்கம். அது தொடரட்டும். ஆயினும் சட்டப்படி அவருக்குச் சேர வேண்டிய தொகைக்கு அந்த வசூல் ஈடாகாது. அந்த உரிமையின் வரலாற்றை ஜமாஅத்தார் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை வரைகிறோம்.

உரிமை பிறந்த கதை

ஒரு காலத்தில், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பித்தால்தான் தொழிலாளிக்கு நஷ்டஈடு என்னும் நிலை இருந்தது. 1837இல் இங்கிலாந்தில், இறைச்சிக் கடைப் பணியாள் ஒருவர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டி முறிந்து தொடை எலும்பு உடைந்து வழக்குத் தொடுத்தார். மேல் நீதிமன்றம் அவருக்கு ஒன்றும் இல்லை என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு அறுபது ஆண்டுக் காலம் தொழிலாளர்க்குத் தடையாய் நின்றது.

1884இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி, யாருடைய குற்றம் என ஆராயாமல் விபத்துக்குள்ளான தொழிலாளிக்கு உதவும் காப்பீட்டைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் சுமார் 5,500 ஆலைத் தொழிலாளர்கள் கையொப்பமிட்ட கோரிக்கை மனு எழுந்தது. காயமுற்றவருக்குக் குணமாகும் வரை கூலி, வாழ்நாள் முழுதும் ஊனமுற்றவருக்கு வாழ்வாதாரம் என்பவை அதில் இடம்பெற்றன. ஜெர்மனி உடனே கொடுத்ததை இந்தியத் தொழிலாளி பெற மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1923இல் நிறைவேறிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொன்னது என்ன?

வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் போதும். முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. உறுப்பு இழப்புக்கு அட்டவணை வகுக்கப்பட்டது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் போனால் 14 விழுக்காடு எனச் சம்பாதிக்கும் திறனின் இழப்பு கணக்கிடப்பட்டது. 2020 ஜனவரியில் கணக்கிற்குரிய மாத ஊதிய உச்சவரம்பு ரூ.15,000 ஆயிற்று. அதன்படி அந்த ஊதியம் பெறும் 25 வயது இளைஞர் கட்டைவிரலை முழுதாய் இழந்தால் ரூ.5,85,657 சேர வேண்டும். எத்தனையோ பேர் சில ஆயிரம் ரூபாயோடு ஊர் திரும்பியிருப்பதை நாம் அறிவோம்.

அட்டவணையே முடிவு என்றும் கொள்ள வேண்டாம். ஒரிசாவில் திரையரங்கு வேலையின்போது விழுந்து இடக்கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது. ஆகவே இழப்பு முழுமையானது என்றது. இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது என்பதும் அதன் சாரம்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம் மற்றொரு வழியைத் திறந்தது. அதில் உட்பட்டவருக்கு மொத்தத் தொகைக்குப் பதிலாகச் சிகிச்சையும் உதவித்தொகையும் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கோர இயலாது. நிறுவனம் சந்தா கட்டத் தவறியிருந்தாலும் தொழிலாளியின் உரிமை போகாது.

எல்லையோர மக்களாகிய நாம்

அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என எல்லை தாண்டி வேலைக்குச் செல்வோர் நம்மிடையே பலர். 2023 அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடைத் தீயில் பதினான்கு பேருக்கும் மேல் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புக்குச் சென்ற தமிழக இளைஞர்கள். இரு மாநில அரசுகளும் நிவாரணம் அறிவித்தன. அது அரசின் உதவி. முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. அதற்காக அலைந்து கர்நாடகத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. 1995ஆம் ஆண்டின் திருத்தம், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுச் செய்ய வழிவகுத்தது.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தையும் இ.எஸ்.ஐ. சட்டத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதாயின் வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்பது அதன் புதிய சிறப்பாகும்.

நாம் செய்ய வேண்டுவன

விபத்து நேர்ந்தால் மருத்துவமனைப் பதிவில் அது வேலையிடத்தில் நேர்ந்தது என்று எழுதச் செய்யுங்கள். வருகைச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, ஊதியச் சான்று ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனினும் வெற்றுத்தாளில் கையொப்பமிட வேண்டாம். உயிரிழப்புக்கான இழப்பீடு ஆணையரிடமே செலுத்தப்பட வேண்டும். முதலாளி நேரில் தந்த தொகை அந்தக் கணக்கில் சேராது. காண்டிராக்டரின் ஆள் என்று கூறிப் பெரிய நிறுவனம் கைகழுவவும் இயலாது.

ஜமாஅத்தின் படித்த இளைஞர்கள் இம்மனுக்களை எழுதிக்கொடுக்க முன்வர வேண்டும். நம் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்க்கும் அவ்வுதவி எட்டட்டும். உள்ளூரில் உறவும் மொழியும் இல்லாத அவர்களே சில ஆயிரங்களோடு அனுப்பி வைக்கப்படுவோரில் முதல்வர்கள்.