செம்மீன்: தங்கப் பதக்கமும் பரீக்குட்டியின் கடனும்

மலையாளப் பட விருதுகளுக்கும் காசிமேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே ஒரு படத்தின் பெயரைச் சொன்னேன்: 'செம்மீன்'. அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதலாம் என்று தோன்றியது.

மத்திய அரசின் திரைப்பட விருதுகள் தொடங்கிய புதிதில், மாநில மொழிப் படங்களுக்குக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் என்று ஒன்று இருந்தது. மலையாளத்தில் அதை முதலில் வாங்கியது 1954-இல் வந்த 'நீலக்குயில்'. பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கிய படம். தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தியைக் காதலித்துக் கைவிடும் பள்ளி ஆசிரியராக சத்யன் நடித்தார். ஆண் செய்த தவறுக்குப் பெண் உயிரை விடுகிற கதை.

பதினோரு வருஷம் கழித்து, 1965-இல், அதே ராமு காரியாட் 'செம்மீன்' எடுத்தார். தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய நாவல் அது. தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்திருக்கிறார். இசைக்கு வங்காளத்தின் சலில் சௌத்ரி, படத்தொகுப்புக்கு ரிஷிகேஷ் முகர்ஜி, ஒளிப்பதிவுக்கு நம் சென்னை ஸ்டூடியோக்களில் பேர் வாங்கிய மார்கஸ் பார்ட்லி. இந்த முறை வெள்ளி இல்லை. இந்தியாவின் சிறந்த படம் என்று தங்கப் பதக்கமே கிடைத்தது. தென்னிந்தியப் படம் ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையைக் கொண்டுவந்தது மீனவர் கதை என்பதில் கடலோரத்துக்காரனான எனக்கு இன்றும் சந்தோஷம் உண்டு.

ஆனால் பதக்கத்தோடு சேர்ந்து ஒரு நம்பிக்கையும் ஊர் ஊராகப் போய்விட்டது. கரையில் இருக்கும் மனைவி கற்போடு இருந்தால்தான் கடலுக்குப் போன கணவன் திரும்புவான், தவறினால் கடலம்மா அவனை எடுத்துக்கொள்வாள் என்பது அது. படத்தில் கறுத்தம்மா பழைய காதலன் பரீக்குட்டியைச் சந்திக்கும் இரவில், கணவன் பழனி சுறா பிடிக்கப் போய்ச் சுழலில் மாட்டிச் சாகிறான். மீனவர்கள் என்றாலே இந்தக் கதையை நினைத்துக்கொண்டு நம்மிடம் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

எங்கள் காசிமேட்டுப் பெண்களைப் பாருங்கள். விடிவதற்கு முன்பே ஏலத்துக்கு வந்து நிற்கிறார்கள். மீனை எடுத்து, ஐஸ் போட்டு, கூடையில் சுமந்துபோய் விற்று, வட்டியும் கட்டிக் குடும்பத்தை ஓட்டுகிறார்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரி மீனவர்களும் கேரள மீனவர்களும் அத்தனை பேர் போனார்களே, அவர்கள் வீட்டுப் பெண்கள் என்ன தவறு செய்தார்கள்? ஆழ்கடலில் இருந்தவர்களுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதுதான் காரணம்.

'செம்மீன்' கதையை மறுபடி யோசித்தால் இன்னொன்று புலப்படும். அது எங்கே ஆரம்பிக்கிறது? கடனில். கறுத்தம்மாவின் அப்பா செம்பன்குஞ்சு, தோணியும் வலையும் வாங்க வியாபாரி பரீக்குட்டியிடம் பணம் வாங்குகிறார். மீனை உனக்கே தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறார். பரீக்குட்டி நொடித்துப் போகிறான். அப்பா வாங்கிய கடனின் பாரம் மகளின் மனசில் ஏறிவிடுகிறது. இந்தப் பகுதி எங்கள் துறைமுகத்தில் யாருக்கும் விளக்க வேண்டாதது. படகுக்கும் வலைக்கும் டீசலுக்கும் முன்பணம் கொடுத்தவருக்கே மீனைப் போடவேண்டும், அவர் சொன்ன விலைக்குத்தான் போடவேண்டும் என்ற நிலை இங்கேயும் பலருக்கு உண்டு. கற்பைப் பற்றிப் பேசியவர்கள் அளவுக்குக் கடனைப் பற்றி யாரும் பேசவில்லை.

'செம்மீன்' வந்தபோது கேரள அரசின் விருதுகள் கிடையாது. அவை 1969-ஆம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் தொடங்கின. அந்த முதல் வருஷத்துச் சிறந்த நடிகர், 'கடல்பாலம்' படத்துக்காக, பழனியாக நடித்த சத்யன். சிறந்த நடிகை, கறுத்தம்மாவாக நடித்த ஷீலா. ஷீலாவுக்கு அந்த விருதை வாங்கிக் கொடுத்தது 'கள்ளிச்செல்லம்மா'. பி. பாஸ்கரன் இயக்கிய அந்தப் படத்தில் ஷீலாவின் செல்லம்மா, நாதியில்லாமல், யாருக்கும் அஞ்சாமல், தன் உழைப்பில் பிழைக்கிறவள்.

காசிமேட்டில் நான் தினமும் பார்ப்பது அந்தச் செல்லம்மாவைத்தான். தங்கப் பதக்கம் வாங்கிய கறுத்தம்மாவை ஊருக்கெல்லாம் தெரியும். செல்லம்மாவையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால், மீன்காரப் பெண்களைப் பார்க்கிற பார்வை மாறும்.