சுத்தியால் அடித்தாலும் வெடிக்காத துப்பாக்கி

துப்பாக்கிக்கு உள்ளேயே பாதுகாப்பை வைக்க முடியுமா? முடியும்னு சொல்லி விற்ற ஒரு கம்பெனியின் கதையைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

முதலில் பிரச்சினை என்னன்னு பார்த்துடலாம். 1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரில் ஆறு தோட்டாக்கள் போடலாம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். ஏன்? பின்பக்கம் இருக்கும் சுத்தியலின் முனையிலேயே ஊசி இருக்கும். சுத்தியலை முழுசாக இறக்கி வைத்தால், அந்த ஊசி தோட்டாவின் அடியைத் தொட்டுக்கொண்டே நிற்கும். துப்பாக்கி கைதவறி விழுந்து சுத்தியலில் அடிபட்டால் போதும், வெடித்துவிடும். அதனால் சுத்தியலுக்கு நேராக உள்ள அறையைக் காலியாக விட்டார்கள்.

1890-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஐவர் ஜான்சன் கம்பெனி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஊசியைச் சுத்தியலிலிருந்து பிரித்து, துப்பாக்கியின் உடம்பில் வைத்தார்கள். சுத்தியல் அந்த ஊசியை நேரடியாகத் தொடவே முடியாது. டிரிகரை அழுத்தினால் மட்டும் ஒரு சின்ன இரும்புத் தகடு மேலே எழும்பி, இரண்டுக்கும் நடுவில் வந்து அடியைக் கடத்தும். நிறைந்த துப்பாக்கியின் சுத்தியலை இன்னொரு சுத்தியால் அடிக்கிற படத்தைப் போட்டே விளம்பரம் செய்தார்கள். அது பொய்யில்லை, உண்மையிலேயே வெடிக்காது.

ஆனால் இன்னொரு விளம்பரமும் வந்தது. படுக்கையில் ஒரு சின்னப் பெண் குழந்தை, கையில் ரிவால்வர். அப்பா இது ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னார் என்கிற மாதிரி ஒரு வாசகம். இங்கேதான் சிக்கல். அந்தத் தகடு தடுப்பது விழுவதையும் இடிபடுவதையும்தான். டிரிகரில் இருப்பது யாருடைய விரல்னு அதற்குத் தெரியாது.

1901 செப்டம்பர் 6, பஃபலோ நகரக் கண்காட்சி. ஜனாதிபதி மெக்கின்லியை லியான் சொல்காஸ் சுட்டது இதே ஐவர் ஜான்சன் ரிவால்வரால்தான். எட்டு நாளில் மெக்கின்லி இறந்துபோனார். துப்பாக்கியின் பாதுகாப்பு அமைப்பு அன்று பழுதாகவில்லை. டிரிகர் அழுத்தப்பட்டது, தகடு தன் வேலையைச் செய்தது.

இத்தனைக்கும், அந்த நல்ல உத்தியைக்கூட எல்லோரும் உடனே எடுத்துக்கொள்ளவில்லை. ரூகர் கம்பெனி 1950-களிலிருந்து பழைய கோல்ட் பாணியிலேயே ரிவால்வர் செய்தது. 1973-ல்தான் அதில் தகடு வந்தது.

1991-ல் ஜி.ஏ.ஓ. என்கிற அமெரிக்க அரசுத் தணிக்கை அமைப்பு, விபத்துத் துப்பாக்கிச் சாவுகளை ஆராய்ந்தது. சிறு குழந்தையால் இயக்க முடியாத பூட்டு, உள்ளே தோட்டா இருக்கா இல்லையான்னு காட்டும் அடையாளம், இந்த இரண்டும் இருந்திருந்தால் 31 சதவீத மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்றது. அப்படியே இருந்தாலும் மீதி 69 சதவீதம் மனிதர் கையில்தான்.

அதனால் துப்பாக்கியில் ‘சேஃப்டி’ இருக்குன்னு யாராவது சொன்னா, எதிலிருந்துன்னு கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.