குறுக்கீட்டெண்களின் ஒதுக்கீடு: ஒரு வரலாற்று நோக்கு

மாணவர் முப்பதின்மர் கணக்குச் செய்துகொண்டிருக்கும் வகுப்பில், ஆசிரியர் ஒவ்வொருவரிடமுஞ் சென்று முடிந்ததா என வினவுதல் ஒரு முறை. முடித்தவன் கையை உயர்த்த, ஆசிரியர் தம் வேலையை நிறுத்தி அவனை நோக்குதல் மற்றொரு முறை. ஆதிக் கணினிகள் முன்னைய முறையையே கையாண்டன. அச்சுப்பொறி எழுதி முடித்ததா, நாடா நகர்ந்ததா எனக் கேட்டுக் கேட்டே அவற்றின் பொழுது கழிந்தது. கையுயர்த்தும் முறையே குறுக்கீடு எனப்படுவது. 1954 இல் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியம அலுவலகம் அமைத்த டைசியாக் எனும் பொறி, வெளிச் சாதனங்களின் குறுக்கீட்டை ஏற்ற முதற் பொறியென எண்ணப்படுகின்றது.

இப்புதுமையை எல்லாரும் உவந்து வரவேற்றனரல்லர். ஒல்லாந்து தேசத்தில் எலெக்ரோலொஜிக்கா எக்ஸ் 1 எனும் பொறிக்குச் செய்நிரல் வகுத்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, குறுக்கீட்டை முதலில் அஞ்சினார். அது எக்கணத்தில் வருமென எவராலுங் கூறவியலாது; ஆகவே அதனால் விளையும் பிழையை மீண்டும் வருவித்து ஆராய்தலும் இயலாது. பொறியை அமைத்தவர்கள் வற்புறுத்திய பின்னரே அவர் இசைந்தார். 1959 இல் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வும் இப்பொறியின் குறுக்கீட்டை ஆளும் முறை பற்றியதே. அவர் கொண்ட அச்சம் தக்கதே என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும்.

கை உயர்ந்தது, உயர்த்தியவன் யார்? இவ்வினாவுக்கு விடையாகவே எண்கள் தோன்றின. சாதனத்தின் அழைப்புடன் ஓர் எண்ணும் முறைவழியாக்கியை வந்தடையும். முறைவழியாக்கி அவ்வெண்ணை அட்டவணையிற் பார்த்து, அங்கே குறிக்கப்பட்ட செய்நிரலுக்குத் தாவும். நாம் பௌதிகத்திற் காவி என வழங்கும் வெக்டர் என்னுஞ் சொல்லே இவ்வெண்ணுக்கும் பெயராயிற்று. 1978 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 8086 எனும் முறைவழியாக்கியில் இத்தகைய எண்கள் 256. ஒவ்வொன்றுக்கும் 4 பைற்று வீதம், நினைவகத்தின் தொடக்கத்தில் 1024 பைற்று இடத்தை அட்டவணை கொண்டது. ஒரு சில சாதனங்களே பூட்டப்பட்ட அக்காலத்தில் 256 என்பது பெருஞ் செல்வமாகவே தோன்றியிருக்கும்.

அச்செல்வத்தில் 0 முதல் 31 வரையுள்ள எண்களை இன்ரெல் தன் வருங்காலத் தேவைக்கென ஒதுக்கிவைத்தது. ஆயின் 8086 அவற்றுட் பயன்படுத்தியவை 0 முதல் 4 வரையான ஐந்தே. எஞ்சியவை வெறுமையாய்க் கிடந்தன. பரிசளிப்பு விழாவிற் பிரமுகர்க்கென விடப்பட்ட முன்வரிசை நெடுநேரம் வெறுமையாய் இருப்பின் யாது நிகழுமென்பதை நாம் அறிவோம். 1981 இல் ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது, கடிகாரம், சாவிப்பலகை, நெகிழ்வட்டு முதலியவற்றின் எட்டுக் குறுக்கீட்டு இணைப்புகளையும் 8 முதல் 15 வரையுள்ள எண்களில் அமர்த்தியது. திரையிலுள்ளதை அச்சிடும் பணிக்கு 5 ஆம் எண்ணைக் கொடுத்தது.

பிரமுகர் பின்னர் வந்தனர். 1982 இல் 80286, 1985 இல் 80386 ஆகியன வெளிவந்தன. இவற்றில் 8 ஆம் எண் இரட்டைப் பிழையைக் குறிக்கும். 13 பாதுகாப்பு மீறலைக் குறிக்கும். 80386 இல் 14 பக்கப் பிழையைக் குறிக்கும். ஐபிஎம் கணினியிலோ 8 ஆம் எண் கடிகாரத்துக்கும் 14 ஆம் எண் நெகிழ்வட்டுக்கும் உரியன. செக்கனுக்கு ஏறத்தாழ 18 முறை கடிகாரம் தட்டும். ஒவ்வொரு தட்டும் பெரும் பிழையொன்றின் தோற்றத்துடன் வந்துசேரும். வெறுமையாய்க் கிடந்ததென்பது ஒதுக்கீட்டை மீறுதற்குப் போதிய நியாயமன்று என்பது என் கருத்து. ஆயினும் அக்காலத்துச் செய்நிரல்கள் பல அவ்வெண்களையே நம்பி எழுதப்பட்டுவிட்டமையின், ஐபிஎம் நிறுவனத்தாலும் பின்னர் இதனைத் திருத்தல் இயலாதாயிற்று. 1984 இல் வந்த அதன் அடுத்த கணினியில் இணைப்புகள் 15 ஆகப் பெருகின. பழைய எட்டும் பழைய இடத்திலேயே இருந்தன.

ஆகவே, பணிசெயல் முறைமையின் உட்கருவாகிய கேர்னல், தான் விழித்தெழுந்தவுடன் இவ்வெண்களை இடம் மாற்றுதல் வழக்கமாயிற்று. 1991 இல் லினுஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கேர்னல், வன்பொருட் குறுக்கீடுகளை 32 முதல் 47 வரையுள்ள எண்களுக்குப் பெயர்த்தது. ஐபிஎம் செய்த குளறுபடி பற்றிய மனக்குறையொன்றையும் அவர் அச்செய்நிரலின் குறிப்பிலே எழுதிவைத்திருக்கிறார். செய்நிரல்கள் கேர்னலை அழைத்தற்கு 128 ஆம் எண் கொடுக்கப்பட்டது.

முறைவழியாக்கிகள் பலவாகியபோது எண்களுக்கு வேறொரு பொருளும் வந்தது. இன்ரெலின் புதிய குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியில் எண்ணை 16 ஆல் வகுக்க வரும் ஈவே அதன் முதன்மை நிலை. உயர்ந்த எண் பெற்ற சாதனம் முந்திக் கவனிக்கப்படும். அன்றைய முறைவழியாக்கிகள் ஒரு நிலையில் இரு குறுக்கீடுகளை மட்டுமே காத்திருக்க விடவல்லன. ஆதலால் லினக்ஸ் எண்களை அடுத்தடுத்து வழங்காது, எட்டெட்டாகத் தாண்டி வழங்கியது.

எனினும் ஓர் எண் எல்லா முறைவழியாக்கிகளிலும் ஒரே சாதனத்தையே குறித்தமையால், 16 முறைவழியாக்கிகள் இருப்பினும் எண்கள் 256 தாம். அதே வேளையில் சாதனங்களின் பசியோ வளர்ந்தது. தனிக் கம்பி வேண்டாது, நினைவகத்தில் எழுதுவதுபோலச் செய்தி அனுப்பிக் குறுக்கிடும் முறை வந்தபின், ஒரு சாதனமே 2048 குறுக்கீடுகள் வரை கேட்க விதி இடந்தந்தது. வலையமைப்பு அட்டைகள் முறைவழியாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி வரிசையும் தனிக் குறுக்கீடும் வேண்டின. 2006 அளவில் எரிக் பீடர்மன் முதலியோர், 64 பிட் லினக்ஸில் ஒவ்வொரு முறைவழியாக்கிக்கும் தனி அட்டவணை வகுத்தனர். ஒரே எண் ஓரிடத்தில் வட்டையும் மற்றோரிடத்தில் வலையமைப்பையுங் குறிக்கலாயிற்று.

இதனாற் பஞ்சம் தீர்ந்ததெனின், இல்லை. கணினி உறக்கநிலைக்குச் செல்லுமுன் ஒன்றொழிந்த ஏனைய முறைவழியாக்கிகளெல்லாம் நிறுத்தப்படும். அவற்றின் குறுக்கீடுகள் யாவும் எஞ்சிய ஒன்றன் அட்டவணையில் வந்து குவியும். இடம் போதாதாயின் உறக்கமே தடைப்படும். பயன்படாத சாதனங்களும் எண்களைப் பிடித்துவைத்திருந்தமை இந்நெருக்கடியை மிகுவித்தது. 2017 இல் தோமஸ் கிளைக்ஸ்னர் இவ்வொதுக்கீட்டை முற்றாக மாற்றி எழுதினார். இம்மாற்றம் 2018 தை மாதத்தில் வெளியான 4.15 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதன்படி, சாதனம் பூட்டப்படும்போது எண் வழங்கப்படுவதில்லை. இத்தனை தேவைப்படும் என்னுங் கணக்கு மட்டுமே பதியப்படும். சாதனம் உண்மையாகத் தொழிற்படத் தொடங்கும்போதே, மிகுதியான எண்கள் வெறுமையாயுள்ள முறைவழியாக்கியைத் தேடி அதிலிருந்து ஓர் எண் கொடுக்கப்படும். முன்வரிசையை வெறுமையாய் விட்டுக் காத்திருக்கும் பழைய வழக்கம் இங்ஙனம் ஒருவாறு ஒழிந்தது.

ஒரு சாதனத்தை வேறொரு முறைவழியாக்கிக்கு மாற்றும்போது பழைய எண் உடனே விடுவிக்கப்படுவதில்லை. மாற்றத்துக்கு முன் புறப்பட்ட செய்தியொன்று இன்னும் வழியில் இருக்கலாமன்றோ? புதிய இடத்தில் முதற் குறுக்கீடு வந்துசேர்ந்த பின்னரே பழைய எண் வேறொன்றுக்கு வழங்கத்தக்கதாகும். எக்கணத்தில் வருமென அறியவொண்ணாமையே டைக்ஸ்ட்ரா அஞ்சியது; அதனை ஒழித்தல் இயலாமையின் அதற்கு இடம்விட்டுக் காத்திருக்கின்றனர்.

முறைவழியாக்கிகள் பெருகியமையால் அவற்றை இனங்காணும் எண்ணை இன்ரெல் நிறுவனம் 2008 அளவில் 8 பிட்டிலிருந்து 32 பிட்டாக விரித்தது. குறுக்கீட்டெண்ணோ இன்றும் 8 பிட்டே. 1978 இல் வகுத்த அந்த 256 இல் முதல் 32 ஐயும், முறைவழியாக்கிகள் தமக்குள் பேசுதற்கென மேல்வரிசையிற் கொண்ட சிலவற்றையும் நீக்கி, எஞ்சிய ஏறத்தாழ 200 எண்களையே ஒவ்வொரு முறைவழியாக்கியிலும் சாதனங்கள் பகிர்ந்துகொள்கின்றன.