பற்காரை சொன்ன சாட்சி

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

வரலாற்றில் ஒருவருக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டால் அது லேசில் போகாது. அப்படிப் பெயர் கெட்டவர்களில் மிக மூத்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள்.

1856-ல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர்களுக்கு ஒரு குகையில் எலும்புகள் கிடைத்தன. கரடி எலும்பு என்று நினைத்தார்கள். இல்லை, பழங்கால மனிதனுடையது என்று கண்டு சொன்னவர் யோஹான் ஃபுல்ராட். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். இதைக் கொஞ்சம் பெருமையோடுதான் எழுதுகிறேன்!

பின்பு 1908-ல் பிரான்சில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலின் பூல், கூன் விழுந்த, மந்த புத்தியுள்ள ஓர் உருவத்தை உலகுக்குக் காட்டினார். அது மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட ஒரு வயதானவரின் எலும்புக்கூடு என்று 1957-ல் விளக்கினார்கள். அதற்குள் "காட்டுமிராண்டி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான். 2000-ல் குரோஷியாவின் விண்டியா குகை எலும்புகளில் நைட்ரஜனின் வகைகளை அளந்து பார்த்தார்கள். ஓநாய் போன்ற வேட்டை விலங்குகளின் அளவுக்கு இருந்தது. "இவர்கள் மாமிசம் மட்டுமே தின்றவர்கள்" என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எலும்பில் சேரும் நைட்ரஜன் உணவின் புரதத்திலிருந்து வருவது. கிழங்கில் புரதம் மிகக் குறைவு. ஒருவர் இறைச்சியோடு கிழங்கும் சாப்பிட்டால், எலும்பு இறைச்சியைத்தான் கணக்கில் எழுதும். கிழங்கு கணக்கில் வராமலே போய்விடும்.

அந்த விடுபட்ட கணக்கு எங்கே இருந்தது தெரியுமா? பற்காரையில்! பல்லில் படியும் அழுக்கை, எச்சிலில் உள்ள கால்சியம் மெல்ல மெல்லக் கல்லாக இறுக்கிவிடும். பல் டாக்டர் சுரண்டி எடுப்பாரே, அதேதான். சாப்பிடும்போது ஒட்டிய மாவுத் துகள்களும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் பழைய பற்களைச் சுத்தம் செய்யும்போது இந்தக் காரையைச் சுரண்டி எறிந்துவிடுவதும் உண்டு.

2011-ல் அமாண்டா ஹென்றியின் குழு ஈராக்கின் ஷானிதார் குகை, பெல்ஜியத்தின் ஸ்பை குகை ஆகிய இரண்டு இடத்துப் பற்காரையையும் நுண்ணோக்கியில் பார்த்தது. ஷானிதாரில் பேரீச்சை, பருப்பு இனம், பார்லி போன்ற புல் விதை ஆகியவற்றின் மாவுத் துகள்கள் இருந்தன. அவற்றில் சில, வெந்த மாவு உப்பியிருப்பதுபோல் உருமாறியிருந்தன. ஸ்பையில் அல்லிக் கிழங்கை ஒத்த துகள்கள்.

ஸ்பெயினின் எல் சித்ரோன் குகைக் கதை இன்னும் சுவையானது. 2012-ல் அங்கே ஒருவரின் பற்காரையில் சாமந்திக் குடும்பத்து மூலிகைகளின் வேதிப்பொருள்கள் தென்பட்டன. கசக்கும் செடிகள், பசிக்கு உதவாதவை. 2017-ல், பல்லில் சீழ்க்கட்டி வந்திருந்த ஒருவரின் பற்காரையில் பாப்லர் மரத்தின் மரபணு கிடைத்தது. ஆஸ்பிரினுக்கு உறவான வலிநிவாரணி அந்த மரப்பட்டையில் உண்டு. பல்வலிக்குப் பட்டையை மென்றாரோ?

உடனே "குகை வைத்தியர்" என்று பட்டம் கொடுத்துவிட வேண்டாம். வேட்டையாடிய விலங்கின் இரைப்பையைத் தின்றபோதும் செடித் துகள் வாய்க்கு வந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆராய்ந்த பற்களும் சிலவே.

ஆனால் 2021-ல் இன்னொரு சாட்சி வந்தது. மாவுச்சத்தை உண்டு வாழ உதவும் தன்மையுள்ள வாய்க் கிருமிகள் நியாண்டர்தால் பற்களிலும் இருந்தன. எப்போதாவது ஒருநாள் கிழங்கு தின்றால் இந்தக் கிருமிகள் குடியேறாது.

ஆக, அவர்கள் கைதேர்ந்த வேட்டைக்காரர்கள்தான். அதோடு, அந்தந்த மண்ணில் எது விளையும், எதைத் தின்னலாம் என்று அறிந்தவர்களும்கூட. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லோருடைய மரபணுவிலும் 1 முதல் 2 சதவீதம் அவர்கள் தந்தது. நம் உறவினர்களைத்தான் இத்தனை காலம் குறைத்துப் பேசியிருக்கிறோம்.

ஒரே சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பு எழுதக்கூடாது என்பதே இதில் நமக்குப் பாடம். எலும்பு பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொன்னது.

பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால், வருங்கால ஆராய்ச்சிக்காகப் பல் துலக்காமல் இருக்கிறேன் என்று சொன்னால் விடாதீர்கள்!